ஜலதோஷ வாரம்

தும்மல் வருது. வந்தா வரட்டும்னு விடவும் முடியாது, மைக் திறந்து கெடக்கு, இன்னும் ஒரு வரி பாக்கி. "வண்ணார்பேட்டைல இருந்து பேட்டை வரைக்கும் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கிறது கும்மி எஃப்எம், நான் உங்க மித்ரா, இதோ அடுத்த பாட்டு"ன்னு ஒரே மூச்சுல சொல்லி, மைக்க அணைச்சு, பாட்டு ஓட ஆரம்பிச்ச பெறகுதான் தும்மினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. சவம், இன்னைக்குப் பாத்தா வரணும் இந்த ஜலதோஷம்? பதினோரு வருஷமா இந்த ஏசி ரூம்ல ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஊரே காய்ச்சல்ல படுத்தப்பக்கூட எனக்கு ஒண்ணும் வரல, கடைசி நாள் அன்னைக்கு மூக்கு ரெண்டும் அடைச்சு, காதுக்குள்ள கும்முனு இருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரணவ் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுதான். சூப்பராம். மூணு நாளைக்கு முன்ன சென்னையில இருந்து வந்து எறங்கின புரோகிராம் மேனேஜர், இருவத்தெட்டு வயசு, காலைல என் குரலக் கேட்டதும் அவன் மொகத்துல வந்த சந்தோஷத்தப் பாக்கணுமே. "மேடம், செம நேச்சுரல் மேடம்! உங்களுக்கு நெஜமாவே கோல்டு வந்திருச்சு. பதினோரு மணிக்குப் புது மித்ரா வர்றப்ப யாருக்கும் டவுட்டே வராது"ன்னான். மனுஷிக்கு ஜலதோஷம் பிடிச்சா ஆவி பிடிங்கன்னு சொல்லுவாவ, மாத்திரை இருக்கான்னு கேப்பாவ. இவன் எனக்குக் கை குடுக்கான்.

மணி பத்தே கால். இன்னும் முக்கா மணி நேரம். பதினோரு மணிக்கு இந்த ஸ்டேஷன் பேரு டக்கர் எஃப்எம். நான் வந்தப்ப பொருநை எஃப்எம், சின்னமா ஒரு மீன் போட்டிருக்கும். பெறகு வாங்குன ஆளு ஜோசியம் பாத்தானோ என்னவோ, மீன எடுத்துட்டு ஒரு தவில் படத்தப் போட்டு கும்மி எஃப்எம்னு மாத்தினான். கும்மிக்கும் தவிலுக்கும் என்ன சம்பந்தமோ. இப்ப மூணாவது ஆளு. ஒரு மின்னல், அதுக்குக் கீழ கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாய். பேரு மாறும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு டீ-ஷர்ட்டு, ஒரு டீ கப்பு குடுப்பாவ. மீன் டீ-ஷர்ட்டு எங்க வீட்ல வண்டி தொடைக்கக் கெடக்கு. கப்பு மட்டும் உடையவே மாட்டேங்கு. எல்லாம் மாறட்டும், கம்பெனி அவனுது, சுவர் அவனுது, பெயிண்ட் அவனுது. ஆனா ஒண்ணு மட்டும் மாறாதாம். மித்ராங்கிற பேரு மாறாதாம். மாறப் போறது நான். சென்னையில ஒருத்தி, இருவத்தி மூணு வயசோ நாலோ, நேத்தே ரெக்கார்டு பண்ணி அனுப்பிட்டாளாம். பதினோரு மணில இருந்து கம்பெனிக்கு ஸ்டேஷன் இருக்க நாலு ஊருக்கும் அவதான் மித்ரா. "பேரு கம்பெனி பிராப்பர்ட்டி மேடம், உங்க அக்ரிமெண்ட்லயே இருக்கு"ங்கான். இருக்கத்தான் செய்யும். பதினோரு வருஷத்துக்கு முன்ன வேலை கெடச்ச சந்தோஷத்துல அக்ரிமெண்ட்ட எவ வாசிச்சா?

இந்தா, மேசை மேல இன்னொரு பேப்பர் வச்சிருக்கான். இத நல்லா வாசிச்சுட்டேன், நாலு தடவ. ஆவுடையம்மாள் ஆகிய நான், மித்ரா என்ற பேரில் பேசியது நான்தான் என்று இனி எந்த மேடையிலும், எந்தச் சேனலிலும், எவரிடமும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டா இங்கனயே ஒரு வேலை, லோக்கல் கோஆர்டினேட்டராம், விளம்பரம் சரியான நேரத்துக்கு ஓடுதான்னு பாத்துக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு உக்காரணும். போடலைன்னா இன்னையோட கிளம்பணும். கிளம்பி எங்கயாவது மண்டபத்துல, ஒரு கடை திறப்பு விழாவுல மைக்கப் பிடிச்சு, "நீங்க பதினோரு வருஷமாக் கேட்ட மித்ரா நான்தாங்க"ன்னு சொல்லிப் பொழைக்கலாம். ஆனா அப்படிச் சொன்னா ஒருத்தராவது "அட, ஆமா, அந்தக் குரல்தான்!"னு சொல்லணும்லா? சொல்லுவாவளா? அதத்தான் காலைல இருந்து என் மண்டை போட்டு உருட்டுது. பேப்பரக் குடுக்கப்ப பிரணவ் சிரிச்சுக்கிட்டே சொன்னான், "ஒருத்தர்கூடக் கவனிக்க மாட்டாங்க மேடம், பெட்டு." பெட்டாம்ல பெட்டு. நான் மனசுக்குள்ள கட்டிட்டேன். பதினோரு மணிக்கு மேல ஒரே ஒரு ஆளு போன் பண்ணி, "இது எங்க மித்ரா இல்லையே, அவுக எங்க?"ன்னு கேட்டாப் போதும், அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன். கேக்கலைன்னா போட்டுட்டு விளம்பரம் ஓட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்.

பாட்டு முடியப் போகுது. மைக்கத் திறக்கணும். "மணி பத்து இருபத்தி ரெண்டு. நெல்லைல இன்னைக்கும் வெயில் கொளுத்தப் போகுது, ஜங்ஷன் பாலத்துப் பக்கம் போறவங்க கொஞ்சம் பொறுமையாப் போங்க, எனக்கும் லேசா ஜலதோஷம், ஆனா உங்களுக்காக வந்துட்டேன்ல." சொல்லச் சொல்லி எழுதிக் குடுத்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல ஜலதோஷத்தச் சொல்லணுமாம். ஆனா போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லக் கூடாது. நன்றி சொல்லக் கூடாது. குரல் தழுதழுக்கக் கூடாது, கேக்கிறவுகளுக்கு எதுவுமே மாறலைன்னு தோணணும். போனும் எடுக்கக் கூடாது இன்னைக்கு. எதுத்தாப்புல போனுக்குப் பக்கத்துல செவப்பு விளக்கு, யாராவது கூப்பிட்டா மினுக்கும், சத்தம் வராது. அதயே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு நாளைக்கு எத்தனை மினுக்கு மினுக்கும், இன்னைக்கு ஏதோ துக்க வீடு மாதிரி இருக்கு. முந்தாநாள் என்னைய ஒரு மணி நேரம் உக்கார வச்சு சிரிக்கச் சொன்னான் இந்தப் பய. வெறுமனே சிரிக்கணும். சிரிப்பு ஒண்ணு, சிரிப்பு ரெண்டு, சின்னச் சிரிப்பு, கேலிச் சிரிப்பு, இருமிக்கிட்டே சிரிப்பு. பன்னெண்டு சிரிப்பு. அதுல ஏழாவது ரொம்ப நல்லா இருக்குன்னு ரெண்டு தடவ போட்டுக் கேட்டான். எதுக்குடான்னேன். "ரெஃபரன்ஸுக்கு மேடம்." நானும் பல்லக் காட்டிக்கிட்டு சிரிச்சுட்டு வந்தேன், எனக்கு அறிவு எங்க போச்சு?

எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். பியூலா அக்கா இதே நாற்காலில உக்காந்து எனக்குச் சிரிக்கச் சொல்லிக் குடுத்தாவளே, அன்னைக்கே போச்சு. ஆமா, நான் என்ன மொதல் மித்ராவா? பாளையங்கோட்டை பியூலா அக்காதான் மொதல் மித்ரா. பொருநை எஃப்எம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாலு வருஷம் அவுகதான் பேசினாவ. ஏதோ சண்டை, கம்பெனி அவுகளப் போகச் சொல்லிருச்சு, ஆனா பேர விடல. எனக்கு அப்ப இருவத்தி ஆறு. ஆவுடையம்மாள்ங்கிற பேர ரேடியோல சொன்னா எவன் கேப்பான்னு சிரிச்சாவ, அந்தா, மித்ராங்கிற சட்டைய எனக்கு மாட்டி விட்டுட்டாவ. பியூலா அக்கா மூணு நாள் இருந்து பழக்கிக் குடுத்துட்டுப் போகணும்னு உத்தரவு. குடுத்தாவ. "இங்க பாரு ஆவுடை, நான் சிரிக்கதுக்கு முன்ன லேசா மூச்ச உள்ள இழுப்பேன். அதச் செய்யலன்னா கண்டுபிடிச்சிருவாவ"ன்னு சொல்லிக் குடுத்தாவ. தன்னைய மாதிரி சிரிக்கதுக்குத் தானே சொல்லிக் குடுத்தாவ. அப்ப அவுக மூஞ்சி எப்படி இருந்துச்சு? நெனச்சு நெனச்சுப் பாக்கேன், ஞாபகம் வரல. நான் அவுக மூஞ்சியப் பாக்கவே இல்ல போல, எனக்கு வேலை கெடச்ச மயக்கம். கிளம்புறப்ப வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, "நல்லா இரு"ன்னு மட்டும் சொன்னாவ. பெறகு நான் ஒரு தடவகூடப் போன் பண்ணல. என்னன்னு பண்ணுவேன்? நான் மித்ரா பேசுதேன்னா?

அந்த மொத வாரத்துக்கு இங்கன ஒரு பேரு உண்டு. ஜலதோஷ வாரம். எந்த ஸ்டேஷன்லயும் பேர வச்சுக்கிட்டு ஆள மாத்துனா இதான் வழக்கமாம். புதுசா வர்றவ ஒரு வாரம் ஜலதோஷம்னு சொல்லணும், மூக்கால பேசணும், நடுவுல இருமணும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். எட்டாவது நாள் சரியாயிட்டுன்னு சொல்லிட்டா, அதுக்குள்ள ஊரு காது புதுக் குரலுக்குப் பழகியிருக்கும். அப்பமும் ஒரு மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கட்டைவிரலக் காட்டினான். நான் கைக்குட்டைய மூக்குல அமுக்கிக்கிட்டுப் பேசினேன். ஏயப்பா, வந்துச்சே போனு! சுக்குக் கசாயம் குடிங்க மேடம், கற்பூரவல்லி இலையப் போட்டு ஆவி பிடிங்க மேடம், தலைக்குக் குளிக்காதீங்க மேடம்னு ஊரே வைத்தியம் பாத்துச்சு. பேட்டை கொம்பையா அண்ணாச்சி ஏழு நாளும் கூப்பிட்டாவ, ஏழு நாளைக்கும் ஏழு வைத்தியம். பேட்டை ரோட்டுல மோட்டாருக்குக் காயில் சுத்துற கடை, கையி கம்பியச் சுத்திக்கிட்டே இருக்கும், காது ரேடியோல இருக்கும். எட்டாம் நாள் நான் சரியாயிட்டுன்னு அறிவிச்சேன். ஒருத்தர்கூட, ஒருத்தர்னா ஒருத்தர்கூட, நீங்க யாருன்னு கேக்கல. அன்னைக்கு எனக்கு என்ன பெருமை! வீட்டுக்குப் போயி எங்க வீட்டுக்காரர்ட்ட துள்ளிக் குதிச்சுச் சொன்னேன், "பியூலா அக்காவ எல்லாரும் ஒரு வாரத்துல மறந்துட்டாவ, நான் அவ்வளவு நல்லாப் பேசுதேன்." அவரு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, "அப்ப உன்னையும் ஒரு வாரத்துல மறந்துருவாவ"ன்னாரு. வாய்ல நல்ல வார்த்தையே வராது அந்த மனுஷனுக்கு. நான் ரெண்டு நாள் பேசல. இப்ப அந்த வார்த்த பதினோரு வருஷம் கழிச்சு வந்து நெஞ்சுல உக்காந்திருக்கு.

பத்து முப்பத்தஞ்சு. விளக்கு மினுக்குச்சு! நெசமா மினுக்குச்சா, கண்ணுல நீர் கோத்துக்கிட்டு அப்படித் தெரிஞ்சுச்சா? மினுக்குச்சு, நாலு தடவ, பெறகு நின்னுட்டு. இந்த நேரம்னா கொம்பையா அண்ணாச்சியாத்தான் இருக்கும். வாரத்துக்கு மூணு தடவையாவது இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாவ, பாட்டெல்லாம் பெருசாக் கேக்க மாட்டாவ, எடுத்த உடனே "மேடம் சொகமா இருக்கீங்களா?"ம்பாவ. நான் "சூப்பரா இருக்கேன் அண்ணாச்சி, நீங்க?"ன்னு மூச்ச இழுத்துச் சிரிப்பேன். பதினோரு வருஷமா ஒரே கேள்வி, ஒரே பதில். சில நாள் எரிச்சலாக்கூட வந்திருக்கு, இந்த ஆளுக்கு வேற கேள்வியே தெரியாதான்னு. கை போனுக்குப் போகுது, பிரணவ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள்காட்டி விரல ஆட்டுதான், எடுக்காதீங்கன்னு. ஒண்ணாங் கிளாஸ் வாத்தியாரு! நான் இந்த ரூம்ல வந்து உக்காந்தப்ப இவன் பள்ளிக்கூடத்துல மூக்க ஒழுக விட்டுக்கிட்டு இருந்திருப்பான். எனக்கு அழுகை வருதா, கோவம் வருதான்னே தெரியல, மூக்கு ரெண்டுக்கும் சேத்து ஒழுகுது. கைக்குட்டை நனைஞ்சுட்டு. எம் பொண்ணு காலைல பள்ளிக்கூடம் போறப்ப கேட்டா, "அம்மா, நாளைல இருந்து எங்க மிஸ்ஸு உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" அவ பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் நான் மித்ரா ஆன்ட்டி. ஆவுடையம்மாள்னு கூப்பிடச் சொல்லு, அதுக்கென்ன கேடுன்னு கத்திட்டேன். பாவம், பிள்ளை மொகம் சுண்டிப் போச்சு. அவளுக்கு எங்கன வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? எனக்கு வலிக்க எடத்துலதான் அவளுக்கும்.

பத்து ஐம்பத்தி ஏழு. கடைசியா ஒரு தடவ பேசணும். இப்பச் சொல்லிரலாம்லா? ஒரே ஒரு வரி. நான் ஆவுடையம்மாள், போயிட்டு வாரேன், இவ்வளவு நாள் கேட்டீங்களே, நல்லா இருங்க. சொன்னா என்ன பண்ணுவான், மைக்குக்குள்ள வந்து வாயப் பொத்துவானா? சொல்லணும், சொல்லிருவேன், சொல்லாம போனா நான் மனுஷி இல்ல. மைக்கத் திறந்தேன். "அடுத்த மூணு நிமிஷத்துல உங்க கும்மி எஃப்எம் புதுப் பொலிவோட டக்கர் எஃப்எம்-ஆ மாறப் போகுது. நீங்க எங்கயும் போயிராதீங்க, மித்ராவும் எங்கயும் போகல." பேப்பர்ல எழுதியிருந்தத வரி மாறாம வாசிச்சுட்டு அணைச்சுட்டேன். தூ. பதினோரு வருஷப் பழக்கம், எழுதிக் குடுத்தத வாசிக்கிற வாயி, அதுக்குச் சொந்தமா ஒண்ணும் சொல்லத் தெரியல. பிரணவ் கை தட்டுதான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரல, கை ரெண்டும் மட்டும் ஆடுது.

பதினோரு மணி. மின்னல் வெட்டுற மாதிரி ஒரு சத்தம், டக்கர் டக்கர்னு எட்டுப் பேரு கத்தினாவ, பெறகு அவ வந்தா. "வணக்கம் நெல்லை, நான் உங்க மித்ரா, கொஞ்சம் ஜலதோஷம், கண்டுக்காதீங்க." நல்ல குரல். வைய முடியல, அவ்வளவு நல்ல குரல். நாற்காலில சாஞ்சு விளக்கயே பாக்கேன். பதினொண்ணு அஞ்சு. மினுக்கல. பிரணவ் கதவத் திறந்து, "போன் அடிச்சா எடுக்க வேண்டாம் மேடம், லைன நாளைக்குக் கட் பண்ணிடுவாங்க. சைன் மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க, மெயில் அனுப்பணும்"னு சொல்லிட்டுப் போனான். பதினொண்ணு பத்து. ஒருத்தரும் இல்ல. இவ்வளவு பெரிய ஊரு, ஆட்டோவுல, டீக்கடைல, அடுப்படில, அத்தனை ரேடியோவும் ஓடுது, காதுன்னு ஒண்ணு ஒருத்தருக்கும் இல்லையா? பேனா மூடியக் கழத்திட்டேன். ஆவுடைன்னு எழுத ஆ போடப் போனேன், விளக்கு மினுக்குச்சு. பேனாவப் போட்டுட்டு போன எடுத்து ஹலோன்னுட்டேன், பிரணவாவது கிரணவாவது.

"மேடம்!"னாவ. கொம்பையா அண்ணாச்சியேதான். பெறகு சட்டுனு நின்னாவ. "ஏ, ரேடியோல மேடம் பேசிக்கிட்டு இருக்காவளே. நீங்க யாரும்மா?" என் குரல நேரா போன்ல கேட்டும் தெரியல. மூக்கடைச்ச குரல், அவுக என்ன செய்வாவ. "நான் இங்க வேலை பாக்கேன் அண்ணாச்சி. ஆவுடையம்மாள்." இந்த ரூம்ல உக்காந்து நான் அந்தப் பேரச் சொன்னதே இல்ல. "அப்படியா. ஒரு ஒதவி செய்யுங்கம்மா, மேடம்கிட்டச் சொல்லிருங்க. பதினோரு வருஷத்துக்கு முன்ன ஒரு ஜலதோஷம் பிடிச்சுச்சு அவுகளுக்கு. சரியாயிட்டுன்னு சொன்னாவ, ஆனா சரியாகல. தொண்டை மாறிப்போச்சு. எனக்குத் தெரியும்லா, நான் மொத நாள்ல இருந்து கேக்கேன். இன்னைக்குப் பாத்தா, தொறந்துட்டு! பழைய தொண்டை அப்படியே வந்துட்டு. ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க." சவத்த, நான் கட்டின பெட்டுல இத எந்தப் பக்கம் சேக்க? கவனிச்சாவளா, கவனிக்கலையா? ஊருலயே ஒருத்தருதான் கவனிச்சிருக்காவ, ரெண்டு தடவையும் கவனிச்சிருக்காவ, என்னைய மட்டும் ஜலதோஷம்னு நெனச்சிருக்காவ. வாரத்துக்கு மூணு தடவ சொகமான்னு கேட்டது மரியாதைக்குக் கேட்டது இல்ல. நெசமாக் கேட்டிருக்காவ. நான் சூப்பரா இருக்கேன்னு சிரிச்சிருக்கேன். "அப்ப இத்தனை வருஷம் அந்தக் கெட்ட தொண்டையவா கேட்டீங்க?"ன்னேன், எம் மேலேயே எரிச்சல் வந்து. அண்ணாச்சிக்குக் கோவம் வந்துட்டு. "என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க? சொகமில்லாமலே ஒரு நாள் லீவு போடாம வந்து பேசினாவளே, அதுக்காகத்தான தெனமும் கேட்டேன். நல்ல தொண்டை இருந்தா எவளும் பேசுவா."

பதில் சொல்ல வாயத் திறந்தேன், தும்மல்தான் வந்துச்சு. மூணு. "அடடா, உங்களுக்கும் பிடிச்சிருக்கோ? ஆவுடையம்மா, ஏசியக் கொறைக்கச் சொல்லுங்க. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடிங்க, கருப்பட்டி சேத்துக்கோங்க. நாளைக்கு நீங்கதான போன் எடுப்பீங்க? சொகமாயிட்டான்னு கேக்கேன்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரணவ் ரெண்டு விரலயும் கத்திரி மாதிரி வெட்டி வெட்டிக் காட்டுதான், வைங்க, வைங்கன்னு. "இந்த நம்பர் நாளைக்கு இருக்காது அண்ணாச்சி. என் நம்பரச் சொல்லுதேன், எழுதிக்கோங்க"ன்னேன். "இருங்கம்மா, பென்சில் எங்கன வச்சேன்னு பாக்கேன்"னு போனக் கீழ வச்சாவ. அந்தப் பக்கம் கடை ரேடியோ கேக்கு. மித்ரா ஏதோ சொல்லுதா. பெறகு ஒரு மூச்ச உள்ள இழுத்துட்டுச் சிரிக்கா. சிரிப்பு ஏழு. என் சிரிப்பு, பியூலா அக்கா சொல்லிக் குடுத்த சிரிப்பு, வெட்டி எடுத்து அவ பேச்சு நடுவுல ஒட்டியிருக்கான் பாவி. பிரணவ் கதவத் திறந்துட்டான். "மேடம், அந்தப் பேப்பர்?" ஒரு கையால போனப் பொத்தி, இன்னொரு கையால பொறுன்னு காட்டினேன். அண்ணாச்சி வந்துட்டாவ. "சொல்லுங்கம்மா, பென்சில் கெடச்சுட்டு. மொதல்ல பேரு. ஆவுடையம்மாள்தான?" ஆமா அண்ணாச்சி, ஆவுடையம்மாள்தான்னு சொல்லிட்டு, நம்பர ஒவ்வொண்ணா நிறுத்திச் சொல்ல ஆரம்பிச்சேன்.